புதுக் கருவியின் பதினொரு குறைகள்

புதுக் கருவி வந்த அன்று தம்பி பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நேராக முன்னறைக்கு வந்து, வெட்டி வைத்திருந்த துணிகளுக்கு நடுவே தையல் மேசைமேல் அதை வைத்தான். அக்கா ஒரு சீருடைச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். உள்ளங்கை அகலம், கறுப்பு உடம்பு, ஓரத்தில் ஆரஞ்சுப் பட்டை, முகம் முழுக்கக் கண்ணாடி. மேல்முனையில், கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு நைலான் கயிறு.

"சோப்பு டப்பா மாதிரி இருக்கு. எனக்குப் பிடிக்கல" என்றான்.

"நான் தச்சுத் தர்ற சட்டையையும் முத நாள் இப்படித்தான் சொல்லுவ. அப்புறம் கிழியற வரைக்கும் கழட்ட மாட்ட."

தம்பிக்குக் குடிநீர் வாரியத்தில் லைன் பார்க்கும் வேலை. நீரேற்று நிலையத்திலிருந்து நகரத்துக்குப் பதினான்கு கிலோமீட்டர் தூரம் மண்ணுக்கடியில் ஒரு பெரிய குழாய் வருகிறது. அதன் மேல் நாற்பத்தெட்டு வால்வுத் தொட்டிகள். செவ்வாயும் வெள்ளியும் அவன் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடப்பான். ஒவ்வொரு தொட்டியின் இரும்பு மூடியையும் கொக்கி போட்டுத் தூக்கி, உள்ளே பார்த்து, காது கொடுத்துக் கேட்டு, மூடிவிட்டு அடுத்ததற்குப் போவான். இருபத்தொன்பது வருடமாக இதுதான். நிலத்துக்கடியில் கசிவு இருந்தால் மேலே ஈரம் தெரியும் முன்பே அவனுக்கு மண்வாசம் சொல்லிவிடும். அதனால் வாரியத்தில் அவனுக்கு 'மோப்பம்' என்று பெயர். அந்தப் பெயர் அக்காவுக்கு ஆகாது. என் தம்பி என்ன நாயா என்று ஒருமுறை அவனுடன் வேலை செய்பவரையே முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறாள்.

அவளுக்குத் தம்பி என்றால் அப்படி. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். அவனை விட ஏழு வயது மூத்தவள். கணவர் போன பிறகு தம்பி வீட்டிலேயே முன்னறையில் மெஷினைப் போட்டுக்கொண்டாள். அளவெடுக்க வருகிறவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போதுதான் தம்பியின் பெருமையை ஆரம்பிப்பாள். பாவம், கையை இறக்கவும் முடியாது, ஓடவும் முடியாது. நீங்கள் வீட்டில் குழாயைத் திறக்கிறீர்களே, அந்தத் தண்ணீருக்கு முன்னால் நடந்து வருகிறவன் என் தம்பிதான் என்பாள்.

அந்தப் பெருமையில் அவளுக்கும் பங்கு இருந்தது. பழைய கருவி சாம்பல் நிறத் திரையும் ஐந்து பொத்தானுமாகப் பதினொரு வருடம் உழைத்தது. பேட்டரி மூடி உடைந்த பிறகு பாவாடைக்குப் போடும் எலாஸ்டிக்கை அவள்தான் அதற்கு வளையமாகத் தைத்துப் போட்டாள். தொட்டிக்குப் பக்கத்தில் நின்று நடுப்பொத்தானை 'பீப்' என்று கத்தும் வரை அழுத்தினால் அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் உள்ளே பதியும். சாயங்காலம் அவன் அந்த எண்களை ஒவ்வொன்றாகப் படிப்பான். அவள் பதிவேட்டில் எழுதுவாள். அவன் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும் என்பதால் முதல் வருடமே இந்த ஏற்பாடு வந்துவிட்டது. மாதக் கடைசியில் பதிவேடு அலுவலகம் போகும். கார்பன் நகல் அவளிடம் தங்கும். இப்படி அச்சடித்தது போல ஒரு பதிவேடு மாவட்டத்திலேயே கிடையாது என்று பழைய பொறியாளர் ஒருமுறை சொன்னதைத் தம்பி மறந்தாலும் அவள் மறக்க மாட்டாள்.

புதுக் கருவிக்குப் பதிவேடு வேண்டாம். நின்ற இடத்தில் தொட்டால் போதும், அந்த நிமிடமே அலுவலகத்துக்குப் போய்விடும். இனிமேல் உனக்கு வேலை மிச்சம் அக்கா என்று தம்பி சொன்னபோது அவள் சிரித்தாள். ஆனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பேனாவை எடுத்து வைத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் பொத்தான் டப்பாவைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

முதல் வாரம் முழுக்க அவன் வாய்க்கு வாய் கருவியைத் திட்டினான். நடக்கும்போது திரையில் வழிகாட்டும் படம் சுற்றுகிறதாம். நான் இடது பக்கம் திரும்பினால் ஊரே வலது பக்கம் திரும்புகிறது, தலை கிறுகிறுக்கிறது என்றான். விரல் ஈரமாக இருந்தால் தொடுவது கேட்பதில்லையாம். கயிறு கழுத்தை அறுக்கிறதாம். அவள் அளவு நோட்டின் பின்பக்கத்தில் எண் போட்டு எழுதிக்கொண்டாள். எதையும் எண் போட்டு எழுதாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

போகப்போகக் குறைகளின் குணம் மாறியது. போய் வந்த தொட்டிக்குப் போகவில்லை என்று காட்டுகிறது என்பது ஏழாவது. போகாத தொட்டிக்குப் போனதாகச் சொல்கிறது என்பது எட்டாவது. ஒரே இடத்துக்கே திரும்பத் திரும்பக் கூட்டிப்போகிறது என்பது ஒன்பதாவது. ஏழாவது வாரம் முடிந்தபோது மொத்தம் பதினொன்று சேர்ந்திருந்தது.

எட்டாவது வாரம் வெள்ளிக்கிழமை மெமோ வந்தது. ஒரே நாளில் முப்பத்தொன்றாம் தொட்டியில் ஆறு பதிவுகள். தொடர்ந்து மூன்று நடையில் முப்பத்திரண்டு முதல் முப்பத்தாறு வரை ஒரு பதிவும் இல்லை. இதற்கிடையே முப்பத்துநான்காம் தொட்டியில் வால்வு கசிந்து, பக்கத்து வரிசை வீடுகளுக்குள் முழங்கால் தண்ணீர் மூன்று நாள் நின்றது. திங்கட்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் தராவிட்டால் லைன் பணியிலிருந்து விலக்கப்படுவீர்கள் என்று கீழே உதவிப் பொறியாளரின் கையெழுத்து.

அக்கா அதை மூன்று முறை படித்தாள். ஒவ்வொரு முறையும் கோபம் ஒரு படி ஏறியது. இருபத்தொன்பது வருடம் நடந்தவன் பொய், எட்டு வாரம் முன்னால் வந்த டப்பா உண்மையா? லைனை விட்டுத் தம்பியை எடுத்தால் அவன் என்ன ஆவான் என்று அவளுக்குத் தெரியும். வாரியத்துக் கிடங்கில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து போல்ட்டும் நட்டும் எண்ணச் சொல்வார்கள். ஒரு மாதத்தில் ஆளே பாதியாகிவிடுவான்.

"நாளைக்கு ஞாயிறு, அதுக்கு அடுத்த நாள்தான திங்கள்?" என்றான் தம்பி.

"நாளைக்குச் சனி. ஞாயித்துக்கிழம நானும் உன்கூட லைனுக்கு வர்றேன். ஒவ்வொரு குறையையும் என் கண்ணால பாத்து, எந்த இடத்துல, எத்தன மணிக்குன்னு எழுதப்போறேன். அப்புறம் அந்தப் பொண்ணு என்ன பதில் சொல்றான்னு பாக்கலாம்."

அந்தப் பொண்ணு என்றது உதவிப் பொறியாளரை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு இருபதாம் தொட்டியில் தொடங்கினார்கள். நாற்பது வரை போவதாக ஏற்பாடு. அக்கா கேன்வாஸ் செருப்புப் போட்டிருந்தாள். பையில் நோட்டு, பென்சில், தண்ணீர், இருவருக்கும் மதியச் சாப்பாடு, கழுத்தில் வழக்கம் போல அளவு டேப். குழாய் போகும் தடத்தில் புல் முழங்கால் உயரம் நின்றது. ஒரு பக்கம் தொழிற்சாலைகளின் பின்சுவர், மறுபக்கம் கைவிட்ட ரயில் பாதை. தம்பி அரையடி முன்னால் நடந்தான். அவன் நடையைப் பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாது. மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று காலுக்கே தெரிந்திருந்தது.

கருவி தூரத்தைச் சொல்லிக்கொண்டே வந்தது. ஐம்பது மீட்டர், முப்பது, பத்து. தொட்டிக்குப் பக்கத்தில் போனதும் மெல்லிய மணியோசை. கருவி புள்ளி வைத்த இடத்திலிருந்து மூடியின் நடு வரை அக்கா மண்டியிட்டு டேப்பால் அளந்தாள். அறுபது அங்குல டேப்புக்குள் வந்தது. 'இருபது – சரி' என்று எழுதினாள். இருபத்தொன்றும் சரி. இருபத்தைந்தில் வேண்டுமென்றே தம்பியை எதிர்ப்பக்கமாக வரச் சொன்னாள். அப்போதும் சரியாகவே காட்டியது. படம் சுற்றுவது உண்மைதான், ஆனால் ஓரத்தில் ஒரு குறியைத் தொட்டால் நின்றுவிடுகிறது என்று அவளே கண்டுபிடித்தாள். தம்பிக்கு இரண்டு முறை காட்டினாள். அவன் தலையாட்டினான். அடுத்த தொட்டியில் மறுபடி படம் சுற்றுகிறது என்று அதே குறையைச் சொன்னான்.

முப்பதாம் தொட்டி தாண்டும்போது அவள் நோட்டில் பத்துக்கு மேல் 'சரி' விழுந்துவிட்டது. ஒரு தப்பாவது செய்யேன் என்று கருவியிடம் மனதுக்குள் கெஞ்ச ஆரம்பித்திருந்தாள்.

முப்பத்தொன்று ஒரு பெரிய மரத்தின் நிழலில் இருந்தது. மூடியின் மேல் வெள்ளைப் பெயின்ட்டில் தம்பியே எழுதிய 31. அவன் கொக்கி போட்டுத் திறந்தான், காது கொடுத்துக் கேட்டான், மூடினான், கருவியைத் தொட்டான். பதிவானது என்று பச்சை எழுத்து வந்தது. அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டே அவன் ஒரு கதை சொன்னான். பல வருடம் முன்னால் இதே இடத்தில் மண்வாசத்தை நம்பித் தோண்டச் சொன்னானாம். பழைய பொறியாளர் நம்பாமல், தண்ணீர் வராவிட்டால் நீயே குழியை மூடு என்றாராம். மூன்றடி தோண்டியதும் தண்ணீர் பீய்ச்சியடித்ததில் அவருடைய மூக்குக்கண்ணாடி பறந்து போய் ரயில் பாதையில் விழுந்ததாம். அக்கா இதை நூறு முறை கேட்டிருக்கிறாள். இருந்தாலும் சிரித்தாள்.

கை கழுவிவிட்டு அவன் எழுந்தான். பையைத் தோளில் மாட்டினான். கொக்கியை எடுத்தான். இரண்டடி நடந்து, அதே மூடியில் கொக்கியைப் போட்டுத் திறந்தான். காது கொடுத்துக் கேட்டான். மூடினான். கருவியைத் தொட்டான்.

இந்த இடம் இன்று ஏற்கெனவே பதிவாகியுள்ளது, இது இரண்டாம் பதிவு என்று வந்தது.

"பாத்தியா?" என்று திரையை அக்கா பக்கம் திருப்பினான். முகத்தில் வெற்றி. "எட்டாவது குறை. இப்பத்தான் வந்து நிக்கிறேன், அதுக்குள்ள வந்துட்டுப் போயிட்டேன்னு பொய் சொல்லுது. எழுதிக்கோ, மணி என்ன?"

அக்கா பென்சிலை எடுத்தாள். கை எழுதவில்லை. கழுவிய தண்ணீர் மூடியின் ஓரத்தில் இன்னும் காயாமல் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் அவனுடைய பூட்ஸின் பழைய தடமும் புதுத் தடமும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. விளையாடுகிறானோ என்று அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் மரத்தடியைக் காட்டி, இந்த இடத்தில்தான் அக்கா, பழைய பொறியாளரின் கண்ணாடி பறந்தது, உனக்குச் சொல்லியிருக்கிறேனா என்று ஆரம்பித்தான். முதலில் சொன்ன அதே வார்த்தைகள், அதே இடத்தில் அதே சிரிப்பு. அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எங்கிருந்து எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அதன் பிறகு அவள்தான் அரையடி முன்னால் நடந்தாள். அடுத்தது முப்பத்திரண்டு என்று அவள் சொன்னால் அவன் முப்பத்திரண்டைத் திறந்தான். முப்பத்துநான்கு என்றால் முப்பத்துநான்கை. எண்ணைச் சொல்லிக்கொண்டே இருந்த வரைக்கும் அவன் கையில் ஒரு பிழை இல்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி நான்கு. தம்பி குளிக்கப் போனான். அக்கா அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து கார்பன் நகல்களை இறக்கித் தரையில் பரப்பினாள்.

எதைத் தேடுகிறாள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எப்போது ஆரம்பித்தது என்பதுதான் தெரியாது. சாயங்காலங்களில் அவன் இருபத்தாறைப் படித்துவிட்டு இருபத்தெட்டுக்குத் தாவுவான். இருபத்தேழு எங்கேடா என்பாள். அதற்கும் போனேன், பொத்தான் சரியாக அமுங்கவில்லை, எழுது என்பான். அவள் போன மாதத் தாளைப் பார்த்து அந்த இடத்தின் எண்களை அப்படியே இறக்கி எழுதிவிடுவாள். அதில் தப்பு இருப்பதாக அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. தொட்டி என்ன நடந்தா போகும்? போன மாதம் இருந்த இடத்தில்தானே இந்த மாதமும் இருக்கும். ஆனாலும் அவள் வழக்கப்படி, தான் நிரப்பிய வரிக்கு எதிரே பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்திருந்தாள். துணியில் தையல் பிரிக்க வேண்டிய இடத்தில் சாக்பீஸ் குறி வைப்பாளே, அது போல.

வைத்தாளே தவிர எண்ணியதில்லை. இப்போது எண்ணினாள். இரண்டரை வருடம் முன்னால் ஒரு மாதத்தில் ஒரு புள்ளி. மூன்று மாதம் கழித்து இரண்டு. போன வருடம் கோடையில் ஏழு, ஒன்பது. பழைய கருவியின் கடைசி மாதத்தில் முப்பத்துநான்கு புள்ளிகள். அந்தத் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். எவ்வளவு அழகான கையெழுத்து. ஒரு அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. தம்பியின் தலைக்குள் விழுந்த ஓட்டைகளை ஒன்று விடாமல் அவளே தைத்து மூடியிருக்கிறாள், வெளியே யாருக்கும் தெரியாதபடி, அவளுக்கே தெரியாதபடி. ஒன்பது புள்ளியில் யாராவது பார்த்திருந்தால் மருத்துவரிடமாவது போயிருக்கலாம். அந்த வீடுகளுக்குள் தண்ணீர் புகாமலாவது இருந்திருக்கும்.

தம்பி தலையைத் துவட்டிக்கொண்டே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். தரையில் கிடந்த தாள்களைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். விளக்கம் எழுதலாமா, பதினொன்றும் கிடைத்ததா என்று கேட்டான். அவன் துண்டை மடியில் வைத்துக்கொண்டான்.

"கருவி சரியாத்தான் இருக்கு, இல்லக்கா?"

இல்லை என்று சொல்லிவிட அவளுக்கு ஒரு நொடி போதும். பதினொரு குறையையும் எட்டு முழம் நீளத்துக்கு எழுதிக் கொடுத்தால் இன்னும் ஒரு மாதம், இரண்டு மாதம் ஓடும்.

"ஆமாண்டா. சரியாத்தான் இருக்கு."

"முப்பத்தொண்ணுல எத்தன தடவ திறந்தேன்?"

"ரெண்டு."

"கண்ணாடி பறந்த கதை?"

"அதுவும் ரெண்டு."

"நல்ல கதைதான்" என்றான். சிரிக்கப் பார்த்து முடியாமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தான். சில நாள் மூடியைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தோம் என்று நின்றிருக்கிறானாம். எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று தெரியாமல், புல் மிதிபட்டிருக்கும் பக்கத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பானாம். பழைய கருவி ஒன்றும் சொல்லாது, அதனால் தெரியவில்லை. இந்தக் கருவி வாயைத் திறந்து சொல்கிறது. அதனால்தான் அதன் மேல் அவ்வளவு ஆத்திரம் வந்ததாம்.

அக்கா நகல்களைக் காட்டிப் புள்ளிகளைப் பற்றிச் சொன்னாள். தப்பெல்லாம் தன்மேல்தான் என்றாள். அவன் ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நீ நல்லதுக்குத்தானே செய்தாய் என்று சொல்வான் என எதிர்பார்த்தாள். அவன் அதைச் சொல்லவில்லை. தாளை மடிக்காமல் பழைய இடத்திலேயே வைத்தான்.

"பேப்பர் எடு. நான் சொல்றத மட்டும் எழுது. ஒண்ணும் சேக்காத."

அவன் சொன்னது இதுதான்.

மதிப்புக்குரிய உதவிப் பொறியாளருக்கு. புதிய கருவி நன்றாக இருக்கிறது. உச்சி வெயிலிலும் படம் தெரிகிறது. ஒருமுறை மின்னேற்றினால் இரண்டு நாள் தாங்குகிறது. மழையில் நனைந்தும் ஒன்றும் ஆகவில்லை. எந்தத் தொட்டியில் நிற்கிறோமோ அந்தத் தொட்டியைத்தான் காட்டுகிறது. படம் சுற்றுவதை நிறுத்தலாம், என் அக்காவுக்கு வழி தெரியும். கயிறு மட்டும் கழுத்தை அறுக்கிறது, அடுத்து வருகிறவருக்கு வேறு கயிறு போட்டுக் கொடுக்கவும். முப்பத்தொன்றில் ஆறு முறை பதிந்தது நான்தான். முப்பத்துநான்கை நான் திறக்கவில்லை. தண்ணீர் புகுந்த வீட்டுக்காரர்களிடம் இதைச் சொல்லவும். என்னை லைனிலிருந்து எடுத்துவிடவும்.

கடைசி வரியில் அவள் பேனா நின்றது. மருத்துவ விடுப்பு என்று போட்டால் கொஞ்சம் மரியாதையாக இருக்குமே என்றாள். அவன் தலையை அசைத்து மறுத்தான். எழுதி முடித்ததும் வாங்கி, வரி வரியாக விரலை வைத்துப் படித்து, கோழி கிளறியது போலக் கையெழுத்துப் போட்டான்.

திங்கட்கிழமை காலையில் அவன் பூட்ஸ் போட்டு, கருவியைக் கழுத்தில் மாட்டி, கொக்கியோடு வாசலில் நின்றான். லைனுக்கு நேரமாகிவிட்டது என்றான். அக்கா முன்னறைக் கதவைச் சாத்திவிட்டு, வழியில் ஆபீசில் ஒரு வேலை இருக்கிறது, சேர்ந்து போவோம் என்றாள்.

உதவிப் பொறியாளர் இருபத்தேழு, இருபத்தெட்டு வயதுப் பெண். கடிதத்தை இரண்டு முறை படித்தாள். மெமோவுக்கு இப்படி ஒரு பதில் அவளுக்கு வந்ததில்லை போலும். தம்பி சுவரில் மாட்டியிருந்த லைன் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அக்கா இரண்டரை வருட நகல்களை மேசைமேல் வைத்து, புள்ளி வைத்த வரிகளெல்லாம் தான் போட்டவை என்று சொன்னாள். அந்தப் பெண் ஒரு தாளை எடுத்தாள். புள்ளிகளின் மேல் அவள் கண் இறங்கிக்கொண்டே போனது.

"இவ்வளவு சுத்தமா எழுதியிருக்கீங்களேம்மா" என்றாள்.

கருவியைக் கேட்க அவளுக்குச் சங்கடமாக இருந்தது. தம்பியே புரிந்துகொண்டு கயிற்றைத் தலை வழியாகக் கழற்றினான். திரையைச் சட்டை நுனியால் துடைத்து, கயிற்றைச் சுருட்டி அதன் மேல் வைத்து, மேசையின் நடுவில் வைத்தான். இது நல்ல கருவி மேடம் என்றான். அவள் எழுந்து நின்றாள். மருத்துவமனையின் முகவரி ஒன்றை எழுதி அக்காவிடம் கொடுத்து, தானே முன்கூட்டிப் பேசி வைப்பதாகச் சொன்னாள்.

வெளியே வந்து இருவரும் நடந்தார்கள். பழக்கம் போலத் தம்பி அரையடி முன்னால். கழுத்தில் கயிறு அறுத்த இடம் சிவந்திருந்தது. கடைத்தெரு முடிந்து மூன்று சாலைகள் பிரியும் இடம் வந்ததும் நின்றான். ஐம்பது வருடமாக அவன் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும் இடம் அது. திரும்பி அக்காவைப் பார்த்தான். எந்தப் பக்கம் என்று அவன் கேட்கவில்லை. அவள் வலது பக்கம் திரும்பினாள், அவன் பின்னால் வந்தான்.